எருப்பெட்டியின் கதை

நம் வீடுகளில் ஒன்றை மட்டமாகச் சொல்ல வேண்டுமானால் "குப்பை" என்று சொல்லிவிட்டால் போதும். ஒரு புத்தகம் பிடிக்கவில்லையா? குப்பை. ஒரு சினிமா பிடிக்கவில்லையா? சுத்தக் குப்பை! குன்றிமணியின் பெருமையைச் சொல்ல வந்த பழமொழிகூட, குப்பையில் கிடந்தாலும் அதன் நிறம் மாறாது என்று, குப்பையைத் தாழ்த்தித்தான் குன்றிமணியை உயர்த்துகிறது.

ஆனால் இதே மொழியைப் பேசிய உழவன் வேறு கணக்குப் போட்டான். கொல்லைப்புறத்து எருக்குழி நிறைந்திருந்தால் அந்த வீட்டில் மாடு உண்டு. மாடு இருந்தால் உழவு உண்டு. உழவு இருந்தால் நெல் உண்டு. அவனுக்கு எருக்குழிதான் பாங்கிக் கணக்கு. வள்ளுவரும் அவன் கட்சிதான். உழுவதைக் காட்டிலும் எருவிடுவது மேல் என்று தயங்காமல் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஒரே பொருள் ஒருவனுக்கு ஏச்சாகவும் மற்றொருவனுக்கு ஆஸ்தியாகவும் இருப்பது எப்படி? இந்த இரண்டு அபிப்பிராயங்களுக்கும் நடுவில் ஒரு மனிதன் நிற்கிறான். குப்பையைக் கையால் தொட்டு, கூடையில் அள்ளி, தலையில் சுமந்து, குழியில் கொட்டுகிறவன். குப்பையின் சரித்திரத்தை எழுதுவதானால் அவனுடைய சரித்திரத்தைத்தான் எழுத வேண்டும். அதில் ஒரு சின்ன மரப்பெட்டிக்கும் இடம் இருக்கிறது. அந்தப் பெட்டியின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அதைப் பெட்டி என்று சொல்வதே சற்று அதிகம். அதற்கு அடியும் கிடையாது, மூடியும் கிடையாது. பக்கத்துக்கு நாலடி, உயரம் மூன்றடிக்குச் சற்று மேல். பலகைக்கும் பலகைக்கும் நடுவே அரை அங்குலச் சந்து. முன்பக்கத்துப் பலகைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிடலாம். காய்கறித் தோலையும் சருகையும் சாணத்தையும் அடுக்கடுக்காக உள்ளே போட்டுவந்தால், சில மாதங்களில் கறுப்பாக, பொலபொலவென்று, முதல் மழை பெய்த மண்ணைப் போல மணக்கும் எரு கிடைக்கும். இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் இதற்கு 'நியூஸிலாந்துப் பெட்டி' என்று பெயர் வைத்தார்கள். நியூஸிலாந்துக்காரர்களுக்கோ இந்த வித்தை இந்தூரிலிருந்து போயிற்று. இந்தூரில் இதை வகுத்தவர் சீனத்து உழவனைக் கைகாட்டினார். ஒரு சாதாரணப் பலகைப் பெட்டி இவ்வளவு ஊர் சுற்றியிருக்கிறது!

எருவுக்கென்று தனியாகக் கட்டடம் கட்டிய பெரிய மனிதர் ஒருவரிலிருந்து தொடங்குகிறேன். அவர் ஜார்ஜ் வாஷிங்டன். அமெரிக்க சுதந்தர யுத்தத்தை நடத்தி முடித்துவிட்டுத் தம் மவுண்ட் வெர்னன் பண்ணைக்குத் திரும்பியவருக்குப் பெருங்கவலை ஒன்று இருந்தது. புகையிலை பயிரிட்டுக் களைத்துப்போன நிலத்துக்கு எப்படி உயிர் கொடுப்பது என்பதுதான் அது. தொட்டதையெல்லாம் எருவாக்கத் தெரிந்த ஒரு பண்ணைக்காரன் தமக்கு வேண்டும் என்றும், பொன்னாக்கும் வித்தைக்கு அதுவே முதற்படி என்றும் 1785-ல் ஒரு நண்பருக்கு எழுதினார். 1787-ல் தொழுவத்துக்குப் பக்கத்தில் 31 அடி நீளமும் 12 அடி அகலமும் உள்ள கொட்டகை ஒன்றை எழுப்பினார். தரையில் கூழாங்கல் பாவியிருந்தது. மேலே கூரை, பக்கங்கள் காற்றோட்டமாகத் திறந்திருந்தன. சாணமும் வைக்கோலும் தோட்டத்துக் கழிவும் அங்கே கிடந்து மட்கின. அதே 1787-ல்தான் அமெரிக்க அரசியல் சட்டத்தை வகுத்த மாநாட்டுக்கும் அவர் தலைமை வகித்தார். ஒரே வருஷத்தில் ஒரு தேசத்துக்கு அரசியல் சட்டம், ஒரு தோட்டத்துக்கு எருக்கொட்டகை. இரண்டையும் அற்பம் என்று அவர் நினைக்கவில்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் சாணம் தானாக நடந்து கொட்டகைக்குள் போகவில்லை. 1799-ல் வாஷிங்டன் எடுத்த கணக்குப்படி அவருடைய பண்ணைகளில் 317 அடிமைகள் இருந்தார்கள். தொழுவத்தை வழித்தவர்களும், கூடை சுமந்தவர்களும், மட்கியதைப் புரட்டியவர்களும் அவர்கள்தாம். பொன்னாக்கும் வித்தையின் பெருமை கடிதம் எழுதியவருக்கு; அதன் நாற்றம் கூடை சுமந்தவருக்கு. இந்தப் பங்கீடு அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமானதல்ல என்பது நமக்குத் தெரியும்.

அடுத்த நூற்றாண்டில் ரசாயன சாஸ்திரிகள் வந்தார்கள். ஜெர்மனியில் லீபிக் 1840-ல் வெளியிட்ட நூல், செடிக்கு வேண்டிய உப்புக்கள் எவை என்று எடுத்துச் சொல்லிற்று. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் பண்ணையில் 1843-ல் தொடங்கிய கோதுமைச் சோதனை, எருவே இல்லாமல் உப்பை மட்டும் போட்டும் விளைய வைக்கலாம் என்று காட்டிற்று. 1909-ல் ஃபிரிட்ஸ் ஹாபர், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியாவாக்கிக் காட்டினார். 1913-ல் அதற்கு ஜெர்மனியில் தொழிற்சாலையே எழுந்துவிட்டது. யுத்த காலத்தில் வெடிமருந்துக்கும், யுத்தம் முடிந்தபின் உரத்துக்கும் அதே அம்மோனியா பயன்பட்டது. உழவனுக்கு மூட்டை வந்தது. மூட்டை கனம்தான், ஆனால் நாறாது. குழியில் இறங்கிப் புரட்ட ஆள் தேட வேண்டியதில்லை. ரசாயன உரம் உலகத்தை வென்றதற்கு விளைச்சல் ஒரு காரணம் என்றால், அதைத் தொடுவதில் அருவருப்பு இல்லை என்பதும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஹாபர் அம்மோனியாவைச் சொட்டவைத்த அதே 1909-ல் வேறொரு மனிதர் நேர் எதிர்த் திசையில் பிரயாணம் செய்துகொண்டிருந்தார். அவர் எஃப். எச். கிங் என்ற அமெரிக்க மண்ணியல் நிபுணர். சீனா, கொரியா, ஜப்பான் ஆகிய தேசங்களைச் சுற்றினார். ஆயிரக்கணக்கான வருஷங்களாக ஒரே நிலத்தை உழுதும் அது ஏன் சோர்ந்துபோகவில்லை என்பதே அவருடைய கேள்வி. வாய்க்கால் சேற்றையும் வைக்கோலையும் சாம்பலையும் மனிதக் கழிவையும் சேர்த்து மட்கவைத்து, மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள் என்பதே அவர் கண்ட விடை. ஒரு புள்ளி விவரமும் தருகிறார். ஷாங்காய் நகரத்து அந்நியர் குடியிருப்புகளில், 1908-ல், வீடு வீடாக விடியற்காலையில் சென்று கழிவை அள்ளிப்போகும் உரிமையை ஒரு சீனக் காண்டிராக்டர் 31,000 டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினாராம். அவருக்கு அந்த வருஷம் கிடைத்தது 78,000 டன். நம் நகரசபைகள் அள்ளுவதற்குப் பணம் கொடுக்கின்றன. அங்கே அள்ளுகிறவன் நகரசபைக்குப் பணம் கொடுத்தான்!

கிங் தம் புத்தகத்தை அச்சில் பார்க்கவில்லை. 1911-ல் அவர் காலமான பிறகு அவருடைய மனைவி அதை வெளியிட்டார். அந்தப் புத்தகம் ஒருவர் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. அவர்தாம் ஆல்பர்ட் ஹோவர்டு. இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் ஜில்லாவில் 1873-ல் பிறந்த பண்ணைக் குடும்பத்துப் பிள்ளை. விஞ்ஞானம் படித்து, மேற்கிந்தியத் தீவுகளில் பயிர் நோய் நிபுணராக வேலை பார்த்தார். அங்கே அவரை ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. பிறருக்கு யோசனை சொல்லலாம். சொன்னதைத் தாமே செய்து பார்க்க ஒரு சாண் நிலம் கிடையாது. 1905-ல் பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தபோது சுமார் 75 ஏக்கர் கிடைத்தது. உடனே அவர் செய்த காரியம் அக்கம்பக்கத்து உழவர்களைக் கவனித்தது. உழவர்களும் பூச்சிகளுமே தம் பேராசிரியர்கள் என்று பின்னாளில் அவர் சொல்வதுண்டு.

அவருடன் வேலை செய்த மற்றொரு விஞ்ஞானியை நாம் மறந்துவிடக் கூடாது. அவர் காப்ரியேல் ஹோவர்டு. கேம்பிரிட்ஜில் தாவர உடலியல் ஆராய்ந்தவர். 1905-ல் ஆல்பர்ட்டை மணந்தார். பூசா கோதுமை ரகங்களைக் கண்டதிலும், 1924-ல் இந்தூரில் 300 ஏக்கரில் தாவரத் தொழில் நிலையத்தை அமைத்ததிலும் அவர் சரிபாதி. 1930-ல் அவர் காலமானார். மறு வருஷம் இந்தூர் முறையை விவரிக்கும் நூல் வெளியாயிற்று. அட்டையில் இரண்டு பெயர்கள் இருந்தன: ஆல்பர்ட் ஹோவர்டு, யஷ்வந்த் வாட். வாட் அந்நிலையத்தில் பணியாற்றிய இந்திய ரசாயனி. இன்று உலகமெங்கும் ஹோவர்டின் பெயரைச் சொல்லும் தோட்டக்காரர்களில் வாட் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் வெகு சிலரே. காப்ரியேலைத் தெரிந்தவர்களும் அதிகம் இல்லை. இந்தத் துறையில் மறக்கப்படுவது கூடை சுமந்தவர்கள் மட்டும் அல்ல போலிருக்கிறது.

இந்தூர் முறை என்பது என்ன? சுமார் 30 அடி நீளம், 14 அடி அகலம், 2 அடி ஆழமுள்ள குழி. பருத்திமார், துவரைமார், களை, கரும்புச் சோகை, சருகு என்று பண்ணையில் கிடைக்கும் தாவரக் கழிவு அனைத்தும் வேண்டும். பருத்திமார் மரம் போல இருக்குமே, அது எப்படி மட்கும்? அதைப் பாட்டையில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரங்களே அதை நசுக்கிக் கொடுத்துவிடும். பிறகு அதை மாட்டுக்குப் படுக்கையாகப் போடுவார்கள். சாணமும் மாட்டு மூத்திரம் ஊறிய மண்ணும் சாம்பலும் தண்ணீரும் சேர்த்துக் குழியில் அடுக்குவார்கள். மூன்று முறை புரட்டினால் தொண்ணூறு நாளில் எரு தயார். மழைக் காலத்தில் குழியில் தண்ணீர் நிற்கும் என்பதால் தரைமேல் குவியலாகப் போட வேண்டும்.

நம் ஊர் எருக்குழியிலும் இவ்வளவும்தானே இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் ஒன்று குறைகிறது, காற்று. குவியலுக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. அவற்றுக்கும் மூச்சு வேண்டும். காற்றும் ஈரமும் அளவாகக் கிடைத்தால் அவை விறுவிறுவென்று தின்று பெருகும். அந்த உஷ்ணத்தில் குவியலின் நடுவே 65 டிகிரி சென்டிகிரேடு வரை சூடு ஏறும். கை வைக்க முடியாது. களை விதைகளும் நோய்க் கிருமிகளும் பெரும்பாலும் அந்தச் சூட்டில் மாண்டுபோகும். காற்று கிடைக்காவிட்டால் வேறு ஜாதிக் கிருமிகள் தலையெடுக்கும். அப்போதுதான் குழி நாறும். ஆக, நாற்றம் என்பது குப்பையின் பிறவிக் குணம் அல்ல. மூச்சுத் திணறுகிறது என்று அது போடும் கூக்குரல். சாப்பாட்டில் சோறும் குழம்பும் போலக் குவியலுக்கும் ஒரு விகிதம் உண்டு. காய்ந்த சருகில் கரிச்சத்து அதிகம். பச்சைத் தழையிலும் சாணத்திலும் நைட்ரஜன் அதிகம். முப்பது பங்கு கரிக்கு ஒரு பங்கு நைட்ரஜன் என்ற அளவில் இரண்டும் கலந்திருந்தால் நுண்ணுயிர்களுக்கு விருந்துதான்.

குழியில் வேலை செய்தவர்களையும் ஹோவர்டு மறக்கவில்லை. கூலியைக் குறித்த நாளில் கொடுப்பது, வேலை நேரத்தைக் குறைப்பது, நல்ல குடியிருப்பு, வைத்திய வசதி இவையெல்லாம் விவசாய ஆராய்ச்சியின் பகுதி என்றே அவர் கருதினார். ஆனாலும் முப்பதடிக் குழி என்பது பண்ணையாருக்கு உரியது. அதற்கு மாடு வேண்டும், வண்டி வேண்டும், பத்துப் பேர் வேண்டும். முதலாளி கரையில் நிற்பார். ஆட்கள் குழிக்குள் இறங்குவார்கள். வித்தை மாறிற்று, நிற்கிற இடம் மாறவில்லை.

அதை மாற்றியது ஒரு யுத்தம். 1939-ல் உலக யுத்தம் மூண்டதும், உணவுக் கப்பல்கள் மூழ்கிவிடுமோ என்று அஞ்சிய பிரிட்டிஷ் சர்க்கார், புல்வெளியைக் கொத்திக் கிழங்கு போடுங்கள் என்று குடிமக்களைக் கேட்டுக்கொண்டது. நியூஸிலாந்துக்கு வேறொரு கஷ்டம். அதன் நிலங்களுக்கு நௌரு தீவிலிருந்து பாஸ்பேட் வந்துகொண்டிருந்தது. 1940 டிசம்பரில் ஜெர்மானியக் கப்பல்கள் அந்தத் தீவைத் தாக்கின. 1942-ல் ஜப்பானியர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மூட்டை உரத்துக்குப் பங்கீடு வந்துவிட்டது. இந்தச் சமயத்தில், 1941-ல், கை சாப்மன் என்பவரின் முயற்சியால் மட்கு எரு செய்வோருக்கென ஒரு சங்கம் அங்கே தோன்றிற்று. தமிழில் எழுதும்போது அவர் பெயரிலேயே கை இருப்பது பொருத்தம்தான். ஏனென்றால் அந்தச் சங்கத்தின் அங்கத்தினர்கள் அவரவர் கையால்தான் வேலை செய்தார்கள். ஆக்லாந்து நகரத்து வீட்டுக்காரனிடம் மாடும் இல்லை, வண்டியும் இல்லை, முப்பதடிக் குழிக்கு இடமும் இல்லை. அவர்கள் இந்தூர்க் குழியை நாலடிச் சதுரமாகச் சுருக்கித் தரைமேல் தூக்கி நிறுத்தினார்கள். அதுதான் நம் பெட்டி. 1945-ல் ஹோவர்டு தம் நூல் ஒன்றில் அதை விவரித்து எழுத, அது இங்கிலாந்துத் தோட்டங்களுக்குள் புகுந்தது.

சுருங்கியது என்று சொன்னேன். ஆனால் விஷயம் அளவில் மட்டும் இல்லை. இந்தப் பெட்டியை ஒரே ஆள் நிரப்பலாம், ஒரே ஆள் புரட்டலாம். குழிக்குள் யாரும் இறங்க வேண்டியதில்லை. பெட்டிக்குச் சொந்தக்காரனும் அவனே, கூடைக்காரனும் அவனே. மவுண்ட் வெர்னனிலிருந்து ஷாங்காய் வரை இரண்டு ஆட்களாக இருந்தவர்கள் இந்த நாலடிப் பெட்டிக்கு முன்னால் ஒரே ஆளாகிவிட்டார்கள்.

நம் தேசத்தில் இந்த விஷயத்தை முதன்முதலாகக் கண்டுகொண்டவர்களுள் தலையானவர் காந்திஜி. 1935-ல் இந்தூருக்குச் சென்றிருந்தபோது அந்த நிலையத்தைப் போய்ப் பார்த்தார். அந்த வருஷமே ஹரிஜன் பத்திரிகையில் இந்தூர் முறையைப் பற்றி எழுதினார். அப்போது அவர் வார்தாவில் மகன்வாடியில் இருந்தார். நம் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்திவந்த இடமும் அதுதான். அங்கிருந்து பக்கத்துச் சிந்தி கிராமத்துக்குக் காந்திஜியும் அவருடைய சகாக்களும் வாளியோடு போய் வழியில் கிடந்த மலத்தை அள்ளினார்கள். காந்திஜி எருவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் உண்மையில் ஜாதியைப் பற்றித்தான் பேசினார். குப்பை நிலத்துக்குச் செல்வம் என்று ஆகிவிட்டால், அதைத் தொடுகிறவனைத் தொடக்கூடாதவன் என்று எப்படிச் சொல்ல முடியும்? கழிவை அள்ளும் வேலை ஒரு பிறப்புக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும் வரையில் அந்தச் செல்வம் நமக்குச் சேராது என்பது அவர் துணிபு.

1947 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். தேசம் இரண்டாகிவிட்டது. டில்லியில் அகதிகள் நிரம்பிவழிந்தார்கள். ரத்தம் காயவில்லை. அந்த மாதத்தில், மீராபென்னின் முயற்சியால் டில்லியிலேயே அகில இந்திய கம்போஸ்ட் மாநாடு கூடிற்று. ராஜேந்திர பிரசாத் தலைமை வகித்தார். காந்திஜி அதைப் பற்றி ஹரிஜனில் எழுதினார். அதன்பின் அவர் உயிரோடு இருந்தது சில வாரங்களே. வீடு பற்றி எரியும்போது எருக்குழியைப் பற்றிப் பேச்சா என்று அன்றைக்குச் சிலருக்குத் தோன்றியிருக்கலாம். ஒருவரை ஒருவர் தொடக்கூடாதவர் என்று நினைக்கும் பழக்கம்தான் எல்லா நெருப்புக்கும் விறகு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

விஞ்ஞானிகளும் சும்மா இருக்கவில்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஸி. என். ஆச்சார்யா 1939-ஐ ஒட்டி மற்றொரு முறையை வகுத்தார். நகரத்துக் குப்பையையும் மனிதக் கழிவையும் குழியில் அடுக்கி, மேலே மண் பூசி மூடிவிடுவது, புரட்டவே வேண்டாம். மட்க அதிக மாதம் ஆகும். ஆனால் மறுபடி ஒரு மனிதன் அதைக் கிளற வேண்டியதில்லை. அந்த முறை ரசாயனத்தை மட்டும் பார்த்து வகுத்ததல்ல, கிளறுகிறவனையும் பார்த்து வகுத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

இவ்வளவுக்கும் பிறகு என்ன நடந்தது? கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டம் வந்தது. அது போதாமல் 2013-ல் மற்றொரு சட்டம் வேண்டியிருந்தது. மட்கும் குப்பையை வீட்டிலேயே தனியாகப் பிரிக்க வேண்டும் என்று 2016-ல் மத்திய சர்க்கார் விதி செய்தது. சென்னை நகரத்துக் குப்பையோ பல பத்தாண்டுகளாகக் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மலையாகக் குவிந்தது. அந்த மலையில் எவ்வளவு பகுதி வாழைப்பழத் தோலும் முருங்கைக் காம்பும் வேப்பஞ்சருகும் என்று எண்ணிப் பார்த்தால், கறுப்புத் தங்கத்தை லாரி வாடகை கொடுத்து அனுப்பியிருக்கிறோம் என்பது புரியும். அதைவிட முக்கியம், அந்த ஈரக் குப்பைக்குள் கண்ணாடித் துண்டும் ஊசியும் இருந்ததா என்று வெறுங்கையால் தடவிப் பார்த்தவர் யார் என்பது. அவர் எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும், கேட்பதுதான் இல்லை.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பெட்டி செய்வோம். அகலம் 6 அங்குலம், கனம் 1 அங்குலம், நீளம் 4 அடியாக 24 பலகைகள் வேண்டும். பக்கத்துக்கு ஆறு. 2 அங்குலச் சதுரச் சட்டம் ஆறு, ஒவ்வொன்றும் மூன்றேகால் அடி. நான்கு சட்டம் மூலைக்கு. மீதி இரண்டையும் முன்பக்க மூலைகளில் சற்று இடம் விட்டு நிறுத்தினால், அந்தக் காடியில் முன்பலகைகளை மேலிருந்து இறக்கவும் ஏற்றவும் முடியும். மற்ற மூன்று பக்கமும் அரை அங்குலச் சந்து விட்டு ஆணி அடித்துவிடலாம். முன்பலகைகளுக்கு நடுவே சிறு கட்டை வைத்தால் அங்கேயும் சந்து கிடைக்கும். கள்ளிப்பெட்டிப் பலகை மலிவு. ஆனால் கரையானுக்கு அது அல்வா. வேப்பம்பலகை நெடுநாள் தாங்கும். வீடு இடிக்கிற இடத்தில் பழைய மரம் கிடைக்கும். பெயிண்டு அடித்த பலகையை மட்டும் வாங்க வேண்டாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும், அது மண்ணில் சேரலாகாது. மூலைச் சட்டங்களுக்கு அடியில் ஒவ்வொரு செங்கல் வையுங்கள். நடுவில் மண்தரை அப்படியே இருக்கட்டும். மண்புழு அந்த வழியாகத்தான் வரவேண்டும். பெட்டியை மூன்றடிக்கும் கீழே சிறியதாகச் செய்தால் சூடு தங்காது, வெளியே போய்விடும்.

அடியில் சுள்ளி பரப்புங்கள். அதன்மேல் அரை அடி சருகும் காய்கறிக் கழிவும் கலந்து போடுங்கள். அதன்மேல் இரண்டு அங்குலம் சாணம், ஒரு கை மண், ஒரு சிட்டிகை சாம்பல். மறுபடி சருகு. ஈரம், பிழிந்த துணி போல இருந்தால் போதும். மீனும் இறைச்சியும் எண்ணெய்ப் பண்டமும் வேண்டாம். பெருச்சாளிக்கு அழைப்பு அனுப்பியதாகிவிடும். மூன்று வாரம் கழித்து முன்பலகைகளை உருவி, எல்லாவற்றையும் வெளியே இழுத்து, ஓரத்தில் இருந்தது நடுவே வரும்படி மறுபடி போடுங்கள். இன்னும் இரண்டொரு தடவை இப்படிச் செய்தால் போதும். மழை வலுத்தால் மேலே ஒரு தென்னங்கீற்று.

எங்கள் வீட்டுக் கொல்லைக்கு இந்தப் பெட்டியைச் செய்து கொடுத்த தச்சர் வயதானவர். கண்ணாலேயே அளவு எடுப்பவர். சந்து எதற்கு, அடி ஏன் இல்லை என்றெல்லாம் கேட்காமல் வேலையை முடித்தார். பலகைகளை இழைக்காமல், வாள் பட்ட சிராயோடு அப்படியே வைத்திருந்தார். கடைசியில்தான் ஒரு கேள்வி கேட்டார்.

"இதுல குப்பை அள்ளப் போறது யாரு ஸார்?"

"நான்தான்."

அவர் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் பையிலிருந்து இழைப்புளியை எடுத்து, முன்பலகைகள் ஆறையும் கை வழுக்கும்படி இழைத்துக் கொடுத்தார். அதற்கு அவர் கூலி கேட்கவில்லை. வேறு யாராவது அள்ளுவதாக நான் சொல்லியிருந்தால் அந்தச் சிராய் அப்படியே இருந்திருக்கும். தவறு அந்தப் பெரியவருடையது அல்ல. யார் கைக்கு எந்தப் பலகை என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம்தாம்.

இந்தப் பெட்டி உலகத்தை ரட்சித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஹோவர்டு மட்கு எருவைப் பற்றிச் சொன்ன சில ஆசைகள், அதாவது அது இருந்தால் செடிக்கு நோயே வராது என்பது போன்றவை, மிகை என்றே பின்வந்தவர்கள் கண்டார்கள். ரசாயன உரம் திடீரென்று நின்றுவிட்டால் உலகத்தில் கோடிக்கணக்கானவர்களுக்குச் சோறு கிடைக்காது. அந்த உண்மையை மறைத்துக்கொண்டு எருவுக்குப் புகழ்மாலை சூட்டுவதில் அர்த்தமில்லை. ஆனால் மூட்டை உரம் செடிக்குச் சாப்பாடு போடுமே தவிர, மண்ணைப் பொலபொலப்பாக்கி ஈரத்தைப் பிடித்துவைக்கும் வேலையைச் செய்யாது. அதற்கு மட்கியதுதான் வேண்டும். மண்ணின் மதிப்புக்கு ஒரு சாட்சி சொல்கிறேன். 1943-ல் அமெரிக்காவில் ஸெல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுக் கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளைஞர் ஸ்ட்ரெப்டோமைஸின் என்ற மருந்தைக் கண்டார். காச நோயை எதிர்த்து வென்ற அந்த முதல் மருந்தைத் தந்த நுண்ணுயிர் எங்கே கிடைத்தது தெரியுமா? நிறைய எருவிட்ட ஒரு வயல் மண்ணில்தான். நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகும் இடத்தில் எத்தனை பேருடைய உயிர் ஒளிந்திருந்தது!

நாலு பலகைச் சுவருக்கு நடுவில் நடப்பது பெரிய அற்புதம் ஒன்றும் அல்ல. காலையில் நறுக்கிய கத்தரிக்காயின் காம்பு, மூன்று மாதம் கழித்து அடுத்த கத்தரிச் செடிக்குப் போகிறது. நடுவில் அது வேறு எவர் தலையிலும் ஏறவில்லை, வேறு எவர் விரலையும் கிழிக்கவில்லை. வாஷிங்டனின் கொட்டகைக்கும் ஷாங்காய் வீதிக்கும் கிடைக்காத சிறப்பு இந்தப் பெட்டிக்கு உண்டென்றால் அது இதுதான். உங்கள் கொல்லையில் நாலடி இடம் இருந்தால் ஒன்று செய்து வையுங்கள். பலகைகளை மட்டும் நீங்கள் கேட்பதற்கு முன்பே இழைத்து வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு அதைத் தொடப் போவது யாருடைய கையாக இருந்தாலும், அதுவும் கைதானே!